ஸ்டீல் கிற்றார்: நிறுத்தத் தெரிந்த கை

ஸ்டீல் கிற்றார் வாசிப்பவர்களில் பாதிப் பேர் அதை அழவைத்தே கெடுத்தவர்கள். மடியில் மல்லாக்கக் கிடத்திய கிற்றாரின் கம்பிகள்மேல் உருக்குத் துண்டை வைத்து இழுத்தால் ஒலி தானாகவே உருகிவிடும். அந்த மலிவான உருக்கத்துக்கு மயங்காத கைதான் எனக்குப் பிடித்த கை.

1889 வாக்கில் ஹவாயில் ஜோசப் கெகுக்கு என்ற பையன் தொடக்கிவைத்த வித்தை இது என்பார்கள். ஆனால் தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. கோட்டுவாத்தியம் என்ற சித்திரவீணையில் மெட்டுக் கிடையாது. கட்டையை நகர்த்தித்தான் வாசிக்க வேண்டும். திருவிடைமருதூர் சகாராம் ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் எல்லாம் அதில் பெயரெடுத்தவர்கள். கமகம் கேட்டுப் பழகியவர் இந்தக் கிற்றாருக்குப் பாதிப் பாடத்தோடுதான் வருகிறார்.

இல்மனைட் மணலுக்குப் பெயர்போன புல்மோட்டையில் இருந்துகொண்டு இதைப் பழக நினைப்பவர், ஆசிரியர் தேடித் திருகோணமலைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகும் முன்பு வீட்டிலேயே நிறையச் செய்யலாம். சாதாரண கிற்றாரே போதும். தலைப்பக்கத்து நட்டின்மேல் உயரம் கூட்டும் துண்டு ஒன்றை மாட்டினால் கம்பிகள் மேலெழும். உருக்கு மெட்டில் இடிக்காது. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, ஆறாம் கம்பிகளைத் தளர்த்தி, தடித்த கம்பியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று வையுங்கள். எதையும் இறுக்குவதில்லை, அறுந்துபோகும் என்ற பயமும் இல்லை. வெறுமனே மீட்டினாலே ச ப ச க ப ச.

முதல் கம்பியில் மாயாமாளவகௌளை சரளி வரிசை. ரி முதல் மெட்டில், க நாலில், ம ஐந்தில், ப ஏழில், த எட்டில், நி பதினொன்றில், மேல் ச பன்னிரண்டில். விரலால் வாசிப்பதுபோல் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அல்ல, மெட்டுக் கம்பிக்கு நேர் மேலே உருக்கு நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் சுருதி போச்சு. மெட்டு இங்கே வெறும் அடையாளக்கோடு, காவல் காதுதான். உருக்குக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டுவிரலும் கம்பியைத் தொட்டபடியே வரட்டும், இல்லாவிட்டால் கரகரப்புக் கிளம்பும். ரியிலிருந்து கவுக்குப் போகும் அந்த நீண்ட தூரத்தில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். பூனை கத்துவதுபோல் இருக்கும். மீட்டும் கையால் ஒலியை அடக்கிவிட்டு உருக்கை நகர்த்துங்கள்.

அலி அக்பர் கானிடம் பழகிய பிரிஜ் பூஷண் கப்ரா, 1967இல் ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் சிவகுமார் சர்மாவின் சந்தூருக்கும் சௌராசியாவின் குழலுக்கும் இடையில் வாசித்திருப்பதைக் கேட்க வேண்டும். ஒரே மீட்டில் ஸ்வரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும். போய்ச் சேரும் இடத்தில் மட்டும் தயக்கமே இராது. 1994இல் கிராமி பெற்ற விஸ்வமோகன் பட்டின் வேகம் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். என் ஓட்டு கப்ராவுக்குத்தான்.

இழுவை கேளாமல் சரளி வரிசை இரண்டு காலத்திலும் வரட்டும். இழுக்கத் தொடங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.