கழுத்துப்பட்டைக்காரி

மத்தியப் பிரதேசத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் விடியற்காலை ஜிப்சியில் ஏறியதும் நமக்குக் காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல், மரத்தின் மேலிருந்து லங்கூர் குரங்கின் இருமல் போன்ற கத்தல் என எல்லாம் புலி இருக்கும் திசையைச் சொல்லும். புலி தென்பட்டால் வண்டிகள் நெருங்கி நிற்கும், கேமராக்கள் உயரும், வழிகாட்டி கதை சொல்வார். ஆண்புலி என்றால் எவ்வளவு பெரிய எல்லையை ஆள்கிறது என்றும், பெண்புலி என்றால் எத்தனை குட்டி போட்டது என்றும் சொன்னார் எங்கள் வழிகாட்டி.

அக்கதைகளில் புகழ்பெற்றது டி-15 என்ற பெண்புலியின் கதை. 2008இல் ரேடியோ காலர் பொருத்தப்பட்டதால் அதற்குக் 'காலர்வாலி' என்று பெயர், கழுத்துப்பட்டைக்காரி. அதே ஆண்டு டேவிட் அட்டன்பரோவின் குரலில் வெளிவந்த பிபிசி தொடரில், யானைகள் சுமந்த கேமராக்கள் அதன் தாயையும் நான்கு குட்டிகளையும் பின்தொடர்ந்தன. அந்த நால்வரில் ஒருத்தி, 2022 ஜனவரியில் இறப்பதற்குள் 8 ஈற்றுகளில் 29 குட்டிகளை ஈன்றாள். ஊடகங்கள் அவளை 'சூப்பர் மாம்' என்றன.

கவனியுங்கள், 'அது' என்று எழுதிவந்த நானும் குட்டிக் கணக்கு வந்ததும் 'அவள்' என்கிறேன். தாய்மை என்றால்தான் எனக்கும் ஒரு பெண்விலங்கு உயர்திணை ஆகிறது.

பெண்புலியின் சூல்காலம் சுமார் மூன்றரை மாதம். குட்டிகள் வேட்டை பழகித் தனித்துப் போக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை இரை தேடுவதும் குட்டிகளை இடம் மாற்றி ஒளித்து வைப்பதும் தாயின் வேலை. எல்லையைப் புதிதாகக் கைப்பற்றும் ஆண்புலி முந்தைய ஆணின் குட்டிகளைக் கொல்வதும் உண்டு. இத்தனைக்கும் நடுவே பெண்புலி தனக்கென ஓர் எல்லையையும் வைத்துக் காக்கிறது. ஆட்சி ஆணுக்கு, பிள்ளைப்பேறு பெண்ணுக்கு என்ற பங்கீடு காட்டில் இல்லை; ஜிப்சியில்தான் இருக்கிறது.

'சூப்பர் மாம்' பாராட்டுப்போலத்தான் ஒலிக்கிறது. வீட்டையும் வேலையையும் ஒருசேர இழுப்பவளுக்கு மகளிர் தினத்தன்று கிடைக்கும் பட்டமும் இதுதான். உழைப்பை அதிசயம் ஆக்கிவிட்டால் அதில் பங்கெடுக்க யாரும் வரவேண்டியதில்லை.

இந்தப் பார்வை சஃபாரியோடு வந்ததும் அல்ல. புறநானூற்றில் காவற்பெண்டு, மகன் எங்கே என்று கேட்பவளிடம் தன் வயிற்றைப் புலி தங்கிப்போன கற்குகையாகச் சொல்கிறாள். வீரத்தாயின் பெருமிதம் என்றே பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பெஞ்சிலிருந்து திரும்பியபின் அப்படி நடத்த முடியவில்லை. அங்கே புலி மகன். பெண்ணுக்குக் கிடைத்தது குகை. அந்தக் குகைக்குள் குட்டியைக் காத்துக் கிடந்ததும் ஒரு புலிதானே என்று இப்போது மாணவிகளிடம் கேட்கிறேன். தேர்வுக்கு இது உதவாது. ஆனாலும் பின்வரிசையில் ஓரிருவர் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

புலியைப் பார்த்தவர்கள் என்று நாம் சொல்வது சீட்டு வாங்கி வண்டியில் போனவர்களைத்தான். மத்திய இந்தியக் காட்டோர ஊர்களில் இலுப்பைப்பூ பொறுக்கவும் பீடி இலை பறிக்கவும் போகும் பழங்குடிப் பெண்கள் நடந்தே போகிறார்கள். குனிந்து பொறுக்குபவள் புலியைப் பார்ப்பதற்கு முன்பே புலி அவளைப் பார்த்திருக்கும். அவளுக்கு அது காட்சி அல்ல, அன்றைய கூலியோடு சேர்ந்த ஆபத்து.

காலர்வாலியின் உடலுக்கு மாலையிட்டுச் சிதை அடுக்கினார்கள். தீ மூட்டியவர் அப்பகுதிப் பழங்குடிப் பெண் ஒருவர். 29 என்ற எண்ணை மறந்துவிட்டு, அந்தப் புலியின் கதையை அவர் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்றிருக்கிறது எனக்கு.