குறத்தியும் ஷபானுவும்: நாடோடிப் பெண்ணின் இளமைப்பருவம்

தரங்கம்பாடியில் இறையியல் பயின்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தி விசுவாசத்தின் உருவகமாக வருகிறாள். குறவஞ்சி மரபில் அவள் மலைவளமும் நாட்டுவளமும் பாடுவாள். தலைவியின் கைபார்த்துக் குறி சொல்வாள். ஆயின் அவள் வளர்ந்த கதை பேசப்படுவதில்லை. ஊர்தோறும் திரிந்து பெற்ற அறிவு தலைவியின் காதலுக்கே பயன்படுகிறது.

சுசான் ஃபிஷர் ஸ்டேபிள்ஸ் எழுதிய ‘ஷபானு’ (1989) என்னும் இளையோர் நாவலில், சோலிஸ்தான் பாலையில் ஒட்டகம் வளர்க்கும் குடும்பத்துச் சிறுமியே கதைசொல்லி. நிலக்கிழார் ஒருவருடனான பகை தீர, மிக மூத்த ஒருவருக்கு அவளை மணமுடிக்கக் குடும்பம் இசைகிறது. தப்பியோடும் அவள், கால் முறிந்த இளம் ஒட்டகத்தைக் கைவிட மனமின்றித் தந்தையிடம் அகப்படுகிறாள். மேய்ச்சல் வாழ்வு கற்பித்த பரிவே விடுதலைக்குத் தடையாவது நாவலின் கூர்மை. ஆசிரியர் அமெரிக்கர், கட்டாய மணமே நாடோடி வாழ்வின் முழுமை என அயல் வாசகர் கருதும் இடர் உண்டு. கணவனை நீங்கி, மகளுடன் மந்தை மேய்த்து வாழும் ஷர்மா என்னும் பாத்திரம் அதனை ஓரளவு தணிக்கிறது.

தமிழகத்தின் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வடிவு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மலைக்குறத்தியின் இலக்கிய உருவத்தை இச்சமூகச் சிறுமியர்மேல் ஏற்றிப் பார்ப்பது பொருந்தாது. அவர்களை வயதும் விருப்பும் மறுப்பும் உடைய கதைசொல்லிகளாகக் காட்டுவதே தமிழ் இளையோர் புனைவின் கடன்.