பைத்தான் எடுத்த மெர்க்குரியல் முடிவு

பைத்தான் மொழியின் மூலநிரல் 2011 மார்ச்சில் சப்வெர்ஷன் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை விட்டு மெர்க்குரியலுக்குக் குடிபோனது. ஆறு வருஷம்கூடத் தங்கவில்லை. 2017 பிப்ரவரியில் மூட்டையைக் கட்டி, கிட் கருவியில் இயங்கும் கிட்ஹப்புக்குப் போய்விட்டது. ‘அன்றைக்கே கிட்டை எடுத்திருக்கலாமே’ என்று இப்போது சொல்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மெர்க்குரியல் என்று முடிவானது 2009இல். தேர்வு ஒழுங்காகத்தான் நடந்தது. பெப் 374 என்ற பைத்தான் முன்மொழிவு ஆவணத்தில் பைத்தான் குழுவின் பிரெட் கேனனும் கூட்டாளிகளும் சப்வெர்ஷன், பசார், மெர்க்குரியல், கிட் நான்கிலும் ஒரே வேலைகளைக் கட்டளை கட்டளையாகச் செய்து காட்டினார்கள். 2009இல் விண்டோஸில் கிட் தடுமாறியது உண்மை. குழுவில் பலருக்கு அது பிடிக்கவுமில்லை. மெர்க்குரியல் பெரும்பாலும் பைத்தானிலேயே எழுதப்பட்டது. சொந்தப் பிள்ளைமேல் வரும் பாசம் கொஞ்சம் இருந்திருந்தாலும் மன்னிக்கலாம்.

மாறியதில் கிடைத்தது என்ன? கமிட் உரிமை இல்லாதவருக்கும் முழு வரலாறு கையில் வந்தது. இணையம் இல்லாத ரயிலில்கூடத் தனிக்கிளை போட்டு வேலை பார்க்கலாம். ஆனால் அந்த வேலை உள்ளே போக வேண்டுமென்றால், பேட்ச் கோப்பாக்கிப் பிழைப்பதிவில் இணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உரிமையுள்ள ஒருவர் அதை இறக்கி, பொருத்தி, சோதித்து ஏற்றுவார். சப்வெர்ஷன் காலத்திலும் இதே கதைதான்.

உரிமையுள்ளவர் பாடும் சுகமில்லை. திருத்தத்தை 3.2 கிளையில் போட்டு, முதன்மைக் கிளையில் மெர்ஜ் செய்து, புஷ் கொடுப்பதற்குள் வேறொருவர் முந்தியிருப்பார். மறுபடி புல், இரண்டு கிளையிலும் மறுபடி மெர்ஜ். போதாக்குறைக்கு, மாற்றக் குறிப்புகள் எல்லாம் ‘நியூஸ்’ என்ற ஒரே கோப்பில், அநேகமாக ஒரே இடத்தில் வந்து மோதும். இதற்கு மெர்க்குரியலைத் திட்டிப் பயனில்லை, கிட்டிலும் மோதியிருக்கும். குறிப்புக்கு ஒரு தனிக்கோப்பு என்று வைக்கும் ‘பிளர்ப்’ கருவி 2017இல் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஆக, 2009 முடிவு அன்றைய சான்றுகளுக்குச் சரியானதே. கட்டளைகளை அவ்வளவு நுணுக்கமாக ஒப்பிட்டவர்கள், வந்த பேட்ச் யார் கண்ணில் படும், எத்தனை நாள் கிடக்கும் என்பதை எடைபோடவில்லை. 2017 மாற்றத்தின் பெரிய லாபம் கிட் அல்ல, மாற்றத்தை எல்லோர் கண்முன்னும் வைத்து ஏற்கக் கேட்கும் கிட்ஹப்பின் புல் ரிக்வெஸ்ட். கிட்ஹப் 2008இல்தான் பிறந்தது; அதன் வளர்ச்சியை 2009இல் கணிக்காததைக் குற்றமாக்க முடியாது. 2011இல் குடிபோன பிறகு, 2016 ஜனவரியில் கிட்ஹப் என்று முடிவாகும்வரை பேட்ச் வரிசையை அப்படியே ஓட்டியதற்குத்தான் குழு பதில் சொல்ல வேண்டும்.