சதுர அடைப்பும் ஒரு புள்ளியும்

போடிமெட்டுச் சரிவுகளில் விளைந்து, போடிநாயக்கனூரில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வரும் ஏலக்காய்க்கு லாட் எண் இடப்பட்டு, அதன் எடையும் விலையும் அந்த எண்ணின்கீழ்ப் பதியப்படுகின்றன. இதே ஒழுங்கைப் பைத்தான் நிரல்மொழியின் டிக்‌ஷனரி, அதாவது சாவி ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைப் பொருத்தி வைக்கும் அமைப்பு, லாட்டுகள்[27].எடை என்னும் ஒரே தொடரில் அடக்கிவிடுகிறது. சதுர அடைப்பு உரிய லாட்டை எடுத்துத் தர, புள்ளி அதன் பண்பை, அதாவது அந்த லாட்டோடு ஒட்டிய தனி விவரத்தை, எட்டுகிறது. பிழையிலும் இப்பகுப்பு குலையாதிருப்பதே இதன் அழகு: எண் இல்லையெனில் கீஎரர், பண்பு இல்லையெனில் அட்ரிபியூட்எரர் எனத் தவறிய இடம் தனித்தனியே தெரிகிறது. (சதுர அடைப்புக்குப் பதில் கெட் என்னும் செயற்கூறு வழியே தேடினால், இல்லாத லாட்டுக்கு ‘நன்’ என்னும் வெறுமை கிடைத்து, பழி பண்பின்மேல் விழும்.) மதிப்பும் டிக்‌ஷனரியாகவே இருந்தால் புள்ளி செல்லாது; லாட்டுகள்[27]["எடை"] என்றே எழுத வேண்டும். இங்குள்ளபடி மாறிகளுக்கும் பண்புகளுக்கும் தமிழ்ப் பெயர்களைப் பைத்தான் 3 ஏற்கிறது.