தண்ணி இறங்காத மலை

சினிமாவில் நாம் வாயைப் பிளந்து பார்த்த பல மலைகளுக்கு அடிவாரமே கிடையாது. ஏற முடியாது, பட்டா வாங்க முடியாது. சின்னதாக ஒரு புரோகிராமில் பிறந்தவை. படத்துக்கு மார்க் போடுகிறோம், மலைக்கு ஏன் போடக் கூடாது?

ஆரம்பித்து வைத்தவர்களில் முக்கியமானவர் லோரன் கார்ப்பென்டர். போயிங் கம்பெனியில் வேலை பார்த்தவர். பெரிய மலையிடம் உள்ள கரடுமுரடு அதன் ஒரு பாறையிலும் சின்ன அளவில் இருக்கும் என்கிற மாண்டல்ப்ராட்டின் 'ஃப்ராக்டல்' சமாசாரத்தைப் படித்துவிட்டு, 1980-ல் மலைகளுக்கு நடுவே பறக்கிற மாதிரி இரண்டு நிமிடப் படம் எடுத்தார். ஒரு மாநாட்டில் காட்டினார். லூகாஸ்ஃபிலிம் கையோடு வேலைக்கு அள்ளிக்கொண்டு போனது. 1982-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாம் பாகத்தில், செத்த கிரகத்தில் மலைகள் முளைக்குமே, அது அவர் உபயம்.

வித்தை ரொம்ப எளிது. சதுரமாக ஒரு நிலம். நாலு மூலைக்கும் ஆளுக்கொரு உயரம். நடுப்புள்ளிக்கு நாலின் சராசரியை எடுத்து, தாயம் உருட்டி வருகிற எண்ணைக் கூட்டு அல்லது கழி. ஓரங்களின் நடுவிலும் அப்படியே. இப்போது நாலு குட்டிச் சதுரம். மறுபடி அதே வேலை, ஆனால் தாயத்தின் வீரியத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பி.காம். பாஷையில், குறைந்து செல் இருப்பு முறையில் தேய்மானம்! ஒவ்வொரு சுற்றிலும் பாதியாக்கினால் மழமழ குன்று; எழுபது சதவிகிதம் மிச்சம் வைத்தால் முரட்டு மலை. பத்தே சுற்றில் பத்து லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். தாழ்ந்த இடம் கறுப்பு, உயர்ந்த இடம் வெள்ளை என்று சாயம் பூசினால் உயர வரைபடம் ரெடி.

அழகில் குறையே சொல்ல முடியாது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பிரமாண்டம் எந்த ஆர்ட் டைரக்டராலும் ஆகாது.

சரி, இதை சங்கரன்கோவில்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிற ஊர். மேற்கே புளியங்குடிப் பக்கம் பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. மழையை மலை வாங்கிக்கொண்டு கொஞ்சமாகக் கொடுக்கிற வறண்ட பூமி. அவர் மலையின் உயரத்தைக் கேட்க மாட்டார். "தண்ணி எங்கிட்டு எறங்குது?" என்பார்.

அங்கேதான் வசமாக மாட்டுகிறது கம்ப்யூட்டர் மலை. எங்கும் இறங்காது! அதில் பள்ளம் என்பது தாயம் தப்பாக விழுந்த இடம். பாதிப் பள்ளங்கள் வாசல் இல்லாத குழிகள். இன்னொரு சோதனை: மலையை அப்படியே கவிழ்த்துவிடுங்கள். மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், ஆனால் பார்க்க அதே ஜாடையில் இன்னொரு மலை. நிஜ மலையைக் கவிழ்த்தால் குட்டு உடைந்துவிடும். ஏனென்றால் அதன் பள்ளத்தாக்கை அறுத்தது தண்ணீர். ஓடையோடு ஓடை சேர்ந்து ஆறாகிப் போன பல லட்சம் வருஷ வரலாறு அதில் இருக்கிறது. தாயத்துக்கு வரலாறு கிடையாது.

விஷயம் அவர்களுக்கும் தெரியும். மாண்டல்ப்ராட்டே 1988-ல் நதியுள்ள மலைகளைப் பற்றி எழுதினார். 1989-ல் கென் மஸ்கிரேவும் கூட்டாளிகளும் ஃப்ராக்டல் மலை மேல் கணக்கில் மழை பெய்ய வைத்து, மண்ணை அரித்துக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மலை அப்புறம்தான் மலையாச்சு.

பொம்மை மலைக்கு ஏன் இத்தனை கோபம் என்கிறீர்களா? சாதாரண உயர வரைபடத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிதான். 1,500 மீட்டர் மலையை அதில் அடக்கினால் ஒரு படி கிட்டத்தட்ட ஆறு மீட்டர். நம் ஊர்க் குளத்துக் கரை, மடை, மறுகால் எல்லாம் ஒரே படிக்குள் காணாமல் போகும். ஊரைப் பிழைக்க வைப்பதே அந்தச் சின்ன வித்தியாசம்தான். ஓடையை மூடி மனை போடுகிறவரும் இதே புரோகிராமைத்தான் மனசுக்குள் ஓட்டுகிறார். நிலம் தெரிகிறது, நீரின் வழி தெரிவதில்லை. சினிமாவில் பரவாயில்லை, அடுத்த சீன் வந்துவிடும். ஊரில் அடுத்த மழை வரும்.

கம்ப்யூட்டர் மலைக்கு என் மார்க் நூற்றுக்கு 45. தண்ணி இறங்கினால் கூட்டிப் போடலாம்.