மகாதீர் காலப் பொருளாதாரத் தாராளமயம்: பினாங்குத் தமிழர் நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

மலேசியாவின் நான்காம் பிரதமராக 1981 முதல் 2003 வரை 22 ஆண்டுகள் ஆட்சி நடத்தியவர் துன் டாக்டர் மகாதீர் முகமது. 2018இல் மீண்டும் பிரதமராகி 2020 வரை அப்பொறுப்பில் இருந்தாரெனினும், அவர்தம் பொருளாதாரக் கொள்கைகளின் விளைவை முதற்காலத்திலேயே தேட வேண்டும். அது குறித்துத் தமிழர் கூறும் மதிப்பீடுகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று, நாட்டை நவீனமாக்கிய தந்தை என்னும் புகழுரை. மற்றொன்று, இந்தியச் சமூகத்தின் பின்னடைவு முழுவதற்கும் அவரையே பொறுப்பாக்கும் பழியுரை. இரண்டும் ஆளை நோக்குகின்றனவேயன்றி ஆண்டுகளை நோக்குவதில்லை. எது, எப்போது, எவர்தம் முடிவால் நிகழ்ந்தது என்பதைப் பினாங்கை முன்வைத்துப் பிரித்தறிய இக்கட்டுரை முற்படுகிறது.

புகழும் பழியும்

பினாங்கின் மின்னணுத் தொழில் மகாதீர் காலச் சாதனையாகப் பேசப்படுவதுண்டு. 1969இல் தீர்வையில்லாத் துறைமுக உரிமையைப் பினாங்கு இழந்தபின் வேலையின்மை மிகுந்தது. அந்நிலையில் முதலமைச்சர் லிம் சோங் யூவின் மாநில அரசு பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரத்தை அமைத்து அயல்நாட்டு முதலீட்டை வரவேற்றது. இன்டெல் நிறுவனம் 1972இலேயே அங்குத் தொழிற்சாலை தொடங்கியது. 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலமும், 1986ஆம் ஆண்டு முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டமும் அவ்வளர்ச்சிக்கு வலுவூட்டின என்பது உண்மை. எனினும் அதன் தொடக்கம் மகாதீருடையதன்று.

பழியிலும் இதே மயக்கம் உண்டு. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐ ஒட்டியே உள்ளன. இவ்விழப்பின் பெரும்பகுதி தோட்டத் துண்டாடல் நிகழ்ந்த ஆண்டுகளிலும் அவற்றை அடுத்தும், அதாவது 1981க்கு முன்பே, நேர்ந்துவிட்டது. அதனை அவர் கணக்கில் எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

எஞ்சும் கணக்கு

அவ்வாறாயின், ஐயமின்றி அவர் ஆட்சிக்கு உரியவை எவை? அவர் பதவியேற்ற சில வாரங்களில், 1981 செப்டம்பரில், கத்ரி நிறுவனம் லண்டன் பங்குச் சந்தை வழியே மலேசியர் கைக்கு வந்தது. தோட்டங்களின் உடைமை தேசிய உடைமையாயிற்று. ஆனால் தொழிலாளியின் குடியிருப்பு அவன் வேலையோடு பிணைக்கப்பட்டதாகவே நீடித்தது. 1983இல் தனியார்மயக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1990களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாறியபோது, வேலையை இழந்தவன் வீட்டையும் கோயிலையும் அண்டை அயலையும் ஒருங்கே இழந்தான்.

ஜார்ஜ்டவுனில் நிகழ்ந்ததும் இதற்கு இணையானதே. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டு, இடைக்கால ஏற்பாட்டிற்குப்பின் 2000 சனவரி முதல் அதன் பாதுகாப்பு முற்றிலும் அற்றுப்போயிற்று. குறைந்த வாடகையால் உரிமையாளர் கட்டடங்களைப் பழுதுபார்க்க முன்வரவில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயின் அவ்வாடகையை நம்பியே வாழ்ந்த சிறு வணிகரும் கைவினைஞரும் எங்குச் செல்வர் என்பதற்கு நிறைவான விடை இல்லை. இவ்விழப்பு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சீனரும் மலாய்க்காரரும் அதில் பங்காளிகளே. 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி பெற்றபோது, காக்கப்பட வேண்டிய கட்டடங்கள் பல நின்றன. அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் பல ஏற்கெனவே வெளியேறியிருந்தன.

இங்கு ‘தாராளமயம்’ என்னும் சொல்லே ஆய்வுக்குரியது. 1998 செப்டம்பரில் அமெரிக்க டாலருக்கு 3.80 எனத் தம் நாணயத்தின் மதிப்பை நிலைநிறுத்தி, மூலதனத்தின் போக்கையும் கட்டுப்படுத்தியவர் மகாதீர். தேவை எனக் கருதியபோது சந்தைக்கு வேலி கட்ட அவர் தயங்கவில்லை. ஆகவே ஏழையின் உறைவிடத்துக்கு இருந்த வேலி அகற்றப்பட்டதைச் சந்தையின் இயல்பான போக்கு எனக் கொள்ள இயலாது. அஃது ஒரு தேர்வு.

சமூகத் தலைமையும் இதனை உணர்ந்து செயற்பட்டதாகக் கூற இயலாது. 1982இல் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ், எளியோரின் சேமிப்பைப் பங்குகளாகத் திரட்டியது. முதலிட்டோர் பலர்க்கு எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அது பயன் தந்திருப்பினும், பங்குப் பத்திரம் குடியிருப்புக்கு ஈடாகியிராது.

முடிவுரை

மகாதீரின் மரபை உயர்கட்டடங்களாலோ பள்ளிகளின் எண்ணிக்கையாலோ மட்டும் அளப்பது போதாது. உறைவிடப் பாதுகாப்பை நீக்கிய ஆட்சி அதற்கு ஈடாக எதை அமைத்தது என்பதே தமிழாய்வாளர் எழுப்ப வேண்டிய வினா. அதற்கான சான்றுகள் அரசு அறிக்கைகளில் மட்டும் கிடைப்பவையல்ல. செபெராங் பிறைத் தோட்டங்களிலும் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளிலும் வாழ்ந்தோர் முதுமை எய்திவிட்டனர். அவர்தம் வாய்மொழியையும் வாடகைச் சீட்டுகளையும் திரட்டும் பணியைத் தமிழ்த்துறைகள் இனியும் ஒத்திப்போடுதல் தகாது.