குருத்தும் மணியும்: ஓர் உடற்கூற்றியல் கலைச்சொல்லின் பொருளாய்வு

எலும்புகள் குருத்தெலும்பால் பிணைந்து நிற்கும் நிலையை உடற்கூற்றியலார் 'சின்காண்ட்ரோசிஸ்' என்பர். இதனைக் 'குருத்தெலும்பு மூட்டு' எனப் பெயர்ப்பது எளிது. ஆயினும் பொருத்தமன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இது கிரேக்கக் கூட்டுச்சொல். 'சின்' என்பது உடன், ஒருங்கு எனப் பொருள்படும். 'காண்ட்ரோஸ்' தானிய மணியையும் நொய்யையும் குறிப்பது. குருத்தெலும்புக்கும் அதுவே பெயராயிற்று. 'ஓசிஸ்' செயலையோ நிலையையோ உணர்த்தும் பெயர்விகுதி. 'சிலிகோசிஸ்' முதலிய சொற்களில் பழகியோர் இதனை நோய்ப்பெயர் விகுதியென மயங்கலாகாது. 1898இல் பெண்டா ஆக்கிய 'மைட்டோகாண்ட்ரியா' என்பதில் இதே வேர் மணி என்னும் பொருளில் நிற்கிறது; தமிழில் வழங்கும் 'இழைமணி' அதனைச் செவ்வனே உணர்த்துகிறது. ஒரே வேரை ஓரிடத்து மணியென்றும் பிறிதோரிடத்துக் குருத்தென்றும் பெயர்ப்பது முரணன்று.

'குருத்து' இளமையைச் சுட்டுவது. மூக்கு, காது முதலியவற்றின் எலும்பைச் சுசுருத சங்கிதை 'தருணம்' என்பதும் இக்கருத்தினதே. நீண்ட எலும்புகளின் வளர்ச்சித்தட்டு, வளர்ச்சி முடிந்ததும் எலும்பாகிவிடுகிறது. குருத்து முற்றுவதையொத்த இந்நிகழ்வுக்குத் தமிழ்ச்சொல் கிரேக்கச் சொல்லினும் நன்கு பொருந்துகிறது. எனினும் முதல் விலா எலும்பு மார்பெலும்போடு சேருமிடத்துக் குருத்தெலும்பு அவ்வாறு மறைந்துவிடுவதில்லை. எனவே சொல்லின் உவமையை இலக்கணமாகக் கொள்ளுதல் கூடாது.

இடர்ப்பாடு 'மூட்டு' என்பதில்தான் உள்ளது. கைலி மூட்டுதல் என்னும் வழக்கு காட்டுவதுபோல, அச்சொல்லின் அடிப்பொருள் இணைத்தலே, அசைவன்று. ஆகவே சொற்பிறப்பு நோக்கில் குறையில்லை. குறை வகைப்பாட்டில் உள்ளது. இன்றைய உடற்கூற்றியலில் 'குருத்தெலும்பு மூட்டு' ஒரு பொதுப்பெயர். சின்காண்ட்ரோசிஸ், சிம்ஃபிசிஸ் ஆகிய இரண்டும் அதன் உட்பிரிவுகள். பொதுப்பெயரையே ஓர் உட்பிரிவுக்கு இட்டால், இடுப்பின் முன்புறத்து நார்க்குருத்தெலும்பு இணைவாகிய சிம்ஃபிசிஸை வேறுபடுத்த இயலாது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான கேலனின் பாகுபாடோ வேறு. அவர் எலும்புச் சேர்க்கையை மூட்டு, உடன்வளர்ச்சி என இரண்டாகப் பகுத்தார். உடன்வளர்ச்சியே அவர் கூறும் சிம்ஃபிசிஸ். குருத்தெலும்பால் அமையும் சின்காண்ட்ரோசிஸ் அதன் வகைகளுள் ஒன்று. அவ்வாறாயின், கேலனை மொழிபெயர்ப்போர் அதனை 'மூட்டு' என்றால், அவர் விலக்கிய பிரிவிலேயே அதனைச் சேர்த்தவராவர்.

ஆதலின் சின்காண்ட்ரோசிஸைக் 'குருத்தெலும்பிணைவு' என்றல் தகும். சிம்ஃபிசிஸைப் பழைய நூலில் 'உடன்வளர்ச்சி' எனவும், இக்கால நூலில் 'நார்க்குருத்தெலும்பிணைவு' எனவும் வேறுபடுத்தல் வேண்டும். கலைச்சொல்லின் பொருளை வேர் மட்டும் வரையறுப்பதில்லை. அது நிற்கும் வகைப்பாடும் சேர்ந்தே வரையறுக்கிறது.